உயிர்ச்செயல் கலப்பினப் பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பும் பல்லும் தோலும் பழுதுபட்ட இடத்தில் வைக்கக்கூடிய பொருட்களை உருவாக்கும் வேலையில் இருப்பதால், மாணவர்களிடமிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் நோயாளிகளின் வீட்டாரிடமிருந்தும் ஒரே வகைச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். கலப்பினம் என்று இங்கே சொல்வது, கண்ணாடி போன்ற கனிமமும் பாலிமர் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய பொருளை. முதல் ஐந்தும் எல்லோருக்கும் பொது. நடுப்பகுதி ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு. அது கடினமாகத் தோன்றினால் 11-ஆம் கேள்விக்குப் போய்விடலாம்.

1. உடம்பு ஏற்றுக்கொள்ளும் எந்தப் பொருளும் உயிர்ச்செயல் பொருள்தானே? தனியாக ஒரு பெயர் எதற்கு?

உடம்புக்குக் கெடுதல் செய்யாமல் இருப்பது ஒன்று, உடம்போடு சேர்ந்து வேலை செய்வது வேறொன்று. துருப்பிடிக்காத எஃகையோ அலுமினாவையோ உள்ளே வைத்தால், உடம்பு அதைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உறையை வளர்த்து ஒதுக்கிவிடும். உயிர்ச்செயல் பொருளின் மேற்பரப்போ உடல்திரவத்தோடு வேதிவினை புரிந்து, நடுவே நார் உறை வர இடம் கொடுக்காமல் எலும்போடு நேரடியாகப் பிணைகிறது. சில பொருட்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கத்திலுள்ள செல்களைக் குறிப்பிட்ட வேலைக்குத் தூண்டுகின்றன.

ஏற்றுக்கொள்ளுதல் என்பதும் இடத்தைப் பொறுத்ததே. எலும்புக்குள் நன்றாக நடந்துகொள்ளும் பொருள் இரத்தக் குழாய்க்குள் இரத்தத்தை உறையவைத்துவிடலாம். எந்த உறுப்புக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாமல் ஒரு பொருளை நல்லது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

2. கண்ணாடி எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். நம்ப முடியவில்லையே?

முதலில் கண்டவர்களும் நம்பவில்லை. 1967-இல் அமெரிக்கப் பொறியாளர் லாரி ஹென்ச் ஒரு பேருந்துப் பயணத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவரின் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஒதுக்கிவிடுவதால் வீரர்கள் கைகால்களை இழக்கிறார்கள், உடம்பு ஒதுக்காத பொருள் ஒன்றைச் செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். 1969-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹென்ச் செய்து பார்த்த கண்ணாடிதான் இன்று 45எஸ்5 என்று அழைக்கப்படுவது. எடையில் 45 சதவீதம் சிலிக்கா, சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5 சதவீதம், பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6 சதவீதம். எலியின் தொடை எலும்பில் வைத்த துண்டுகளை ஆறு வாரம் கழித்து எடுக்க முயன்றபோது அவை வரவில்லை.

ஜன்னல் கண்ணாடியைவிட இதில் சிலிக்கா மிகவும் குறைவு, எனவே தண்ணீர் பட்டதும் கரையத் தொடங்குகிறது. சோடியம் அயனி வெளியேறி ஹைட்ரஜன் அயனி உள்ளே வருகிறது. மேற்பரப்பில் சிலிக்கா மிகுந்த கூழ்ப்படலம் உருவாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, சில மணிநேரங்களில் எலும்பின் கனிமத்தை ஒத்த கார்பனேட் கலந்த அபடைட்டாகப் படிகமாகிறது. புரதங்கள் அதில் ஒட்டுகின்றன, கொலாஜன் என்ற புரத இழைகள் அதற்குள் பின்னிக்கொள்கின்றன, எலும்பு செல்கள் வந்து குடியேறுகின்றன. அந்தப் படலத்தை உடம்பு தன் எலும்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது.

3. அப்படியானால் அந்தக் கண்ணாடியே போதுமே? எதையாவது ஏன் சேர்க்க வேண்டும்?

உடைந்துவிடும் என்பதால். விரிசல் பரவுவதைத் தாங்கும் திறனை முறிவுத் தகைமை என்கிறோம். கண்ணாடிக்கு அது அதன் அலகில் 1-ஐத் தாண்டுவதில்லை. கெட்டி எலும்புக்கு 2 முதல் 12 வரை இருக்கிறது. பல் வேரைச் சுற்றிய குழி, காதுக்குள் இருக்கும் சிற்றெலும்பு போன்ற பாரம் குறைந்த இடங்களில் 1980-களின் நடுவில் கண்ணாடித் துண்டுகளும் 1990-களில் கண்ணாடித் துகள்களும் பயனுக்கு வந்தன. காலில் நடந்துகொண்டே குணமாக வேண்டிய எலும்புக்கு அவை உதவாது.

எதிர்த் திசையில் உலோகம் இருக்கிறது. டைட்டானியத்தோடு எலும்பு நெருங்கி வளர்வதை ஸ்வீடனின் பிரானமார்க் 1950-களிலேயே கண்டார், பல் வேர் உள்வைப்புகள் அதன் பலன். ஆனால் கெட்டி எலும்பின் விறைப்பு சுமார் 10 முதல் 20 கிகாபாஸ்கல், டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110. பாரத்தை உலோகமே சுமந்துவிடுவதால் பக்கத்து எலும்பு வேலையின்றி மெலிகிறது. தவிர, உலோகம் கரைந்து எலும்புக்கு வழிவிடுவதும் இல்லை.

4. எலும்பே இயற்கையான கலப்பினம்தானே? அதையே நகலெடுத்துவிட முடியாதா?

கலவையை நகலெடுக்கலாம், கட்டமைப்பை முழுதாக நகலெடுக்க இன்னும் யாராலும் முடியவில்லை. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம், மீதி பெரும்பாலும் கொலாஜனும் தண்ணீரும். கனிமம் சில நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாகக் கொலாஜன் இழைக்குள்ளேயும் வெளியேயும் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இழைகள் கற்றைகளாகவும், கற்றைகள் அடுக்குகளாகவும், அடுக்குகள் இரத்தக் குழாயைச் சுற்றிய வளையங்களாகவும் அமைகின்றன. ஒவ்வொரு நிலையிலும் விரிசல் திசைமாறி ஆற்றலை இழக்கிறது.

இதற்கெல்லாம் மேலாக, எலும்பு உயிருள்ளது. ஒருவகைச் செல் அரித்துக்கொண்டே இருக்க, இன்னொரு வகை கட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் வைக்கும் பொருள் எலும்பாக மாற வேண்டியதில்லை. எலும்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வரை தாங்கிப் பிடித்து, பிறகு விலகினால் போதும்.

5. பாலிமரில் கண்ணாடிப் பொடியைக் கலந்தால் கலப்பினம் ஆகிவிடாதா?

அது கூட்டுப்பொருள். அதற்கும் மதிப்பான வரலாறு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் பான்ஃபீல்டு, பாலிஎத்திலீனில், எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் துகள்களைக் கலந்து எலும்பை ஒத்த பொருள் ஒன்றை உருவாக்கினார். அது காதுச் சிற்றெலும்பு உள்வைப்புகளில் பயன்பட்டது. கரையக்கூடிய பாலிமர்களில் துகள் கலந்த திருகுகள் இன்று தசைநார் அறுவைசிகிச்சைகளில் இயல்பாகப் பயன்படுகின்றன.

கூட்டுப்பொருளில் மூன்று தொல்லைகள் தீர்வதில்லை. துகளைப் பாலிமர் போர்த்திவிடுவதால் வெளிப்பரப்பில் உயிர்ச்செயல் குறைகிறது. துகளும் பாலிமரும் சந்திக்கும் எல்லைக்குள் தண்ணீர் புகுந்ததும் பிடிப்பு விட்டு வலிமை சட்டென்று சரிகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் கரைவதால், ஒன்று போன பிறகு மற்றொன்று உதிரித் துகளாக மிஞ்சுகிறது.

கலப்பினத்தில் கனிமப் பகுதியும் கரிமப் பகுதியும் மூலக்கூறு அளவில், சில நானோமீட்டருக்குள், ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் துகள் என்று ஒன்று தெரியாது. செல் வந்து ஒட்டும்போது அதற்குத் தெரிவது ஒரே பரப்பு. அது கரைவதும் ஒரே பொருளாக.

6. முதல் வகைக் கலப்பினம், இரண்டாம் வகைக் கலப்பினம் என்று கட்டுரைகளில் வருகிறதே, என்ன வித்தியாசம்?

இரண்டு வலைப்பின்னல்களுக்கும் இடையே உள்ள பிடிப்புதான் வித்தியாசம். முதல் வகையில் ஹைட்ரஜன் பிணைப்பு, மின்னேற்ற ஈர்ப்பு, வெறும் சிக்கல் ஆகியவை மட்டுமே. இரண்டாம் வகையில் உண்மையான வேதிப்பிணைப்பு உண்டு. உடம்புக்குள் இரண்டுக்கும் நடத்தை மிகவும் வேறுபடும். தண்ணீரில் ஹைட்ரஜன் பிணைப்பைத் தண்ணீரே பறித்துக்கொள்ளும் என்பதால், முதல் வகை சீக்கிரம் வீங்கித் தளர்ந்துவிடும். உலர்ந்த மாதிரியில் எடுத்த வலிமை எண்ணைப் பெருமையாகப் போடும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். உடம்பு உலர்ந்த இடமில்லை, ஈரத்தில், 37 டிகிரியில் எடுத்த எண்ணையே பார்க்க வேண்டும்.

7. எல்லோரும் சோல்-ஜெல் முறையையே சொல்கிறார்கள். உருக்கி ஊற்றினால் ஆகாதா?

45எஸ்5 போன்ற கண்ணாடியை உருக்க 1,300 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பாலிமர் சாம்பல்கூட மிஞ்சாது. சோல்-ஜெல் முறையில் கண்ணாடியின் வலைப்பின்னலை அறைவெப்பத்தில், திரவத்திலிருந்தே கட்டுகிறோம். டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட் என்ற திரவத்தோடு தண்ணீரும் கொஞ்சம் அமிலமும் சேர்த்துக் கலக்குவது வழக்கமான தொடக்கம். முதலில் இரண்டு அடுக்காகப் பிரிந்து கலங்கலாக நிற்கும். கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று தெளிந்து ஒரே திரவமாகிவிடும். கண்ணாடிக் குவளையைத் தொட்டால் சூடு தெரியும். நீராற்பகுப்பு, அதாவது தண்ணீர் மூலக்கூறை உடைக்கும் வினை, நடந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நிலையில் பாலிமர்க் கரைசலைச் சேர்த்தால், சிலிக்கா வலை வளரும்போதே பாலிமர்ச் சங்கிலிகள் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

பலரும் தோற்பது அடுத்த கட்டத்தில், உலர்த்தும்போது. நுண்துளைகளிலிருந்து திரவம் வெளியேறுகையில் நுண்குழாய் அழுத்தம் சுவர்களை உள்ளிழுக்கிறது, மாதிரி சுருங்கி வெடிக்கிறது. மூடியில் ஊசித் துளை மட்டும் விட்டு, நாட்கணக்கில் மெல்ல உலரவிடுவது பழைய வழி. நுரைத்த வடிவம் வேண்டும் என்றால் உறையவைத்து உலர்த்துவது நல்லது. அவசரப்பட்டு அடுப்பில் வைக்காதீர்கள்.

உருகிய பாலிலாக்டிக் அமிலத்தில் 45எஸ்5 பொடியைக் கலந்து இழைகளாகப் பிழியும் வழியையும் சிலர் கேட்கிறார்கள். கண்ணாடியின் காரத்தன்மை சூட்டில் பாலிமர்ச் சங்கிலிகளை வெட்டிவிடும். பிழிந்து முடிக்கும்போதே மூலக்கூறு எடை சரிந்திருக்கும்.

8. இணைப்பு மூலக்கூறை அதிகமாகச் சேர்த்தால் வலிமை கூடிக்கொண்டே போகுமா?

போகாது. பாலிமரையும் சிலிக்காவையும் பிணைக்கும் பாலம்தான் இணைப்பு மூலக்கூறு. அதிகம் பயன்படும் ஜிபிடிஎம்எஸ் என்ற மூலக்கூறின் ஒரு முனையில் எப்பாக்சி வளையம், மறுமுனையில் சிலேன் தொகுதி. எப்பாக்சி முனை ஜெலட்டின், கைட்டோசான் போன்ற பாலிமர்களைப் பிடிக்க வேண்டும், சிலேன் முனை சிலிக்கா வலையில் சேர வேண்டும். ஆனால் எப்பாக்சி வளையத்துக்காகத் தண்ணீரும் போட்டியிடுகிறது. தண்ணீர் அதைத் திறந்துவிட்டால் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளாக மாறிப் பிணைக்கும் திறனை இழக்கும். எவ்வளவு சேர்த்தோம் என்பதும் எவ்வளவு பிணைந்தது என்பதும் ஒன்றல்ல. திண்ம நிலை அணுக்கருக் காந்த ஒத்திசைவு போன்ற அளவீடு இல்லாமல் இரண்டாம் வகை என்று அறிவித்துவிடக் கூடாது.

ஓரளவுக்கு மேல் போனால் பொருள் விறைத்து நொறுங்கும், கரைவதும் நின்றுபோகும். வினைபுரியாமல் மிஞ்சிய எப்பாக்சி செல்களுக்கு நஞ்சு. குறைவிலிருந்து தொடங்கி, மூன்று நான்கு விகிதங்களில் ஈர மாதிரிகளைச் சோதித்து ஏறுவதே நல்ல முறை.

9. கால்சியம் நைட்ரேட் சேர்த்தேன். கலப்பினத்தில் கால்சியம் இருக்கிறது, ஆனால் முதல் நாளே முழுவதும் கொட்டிவிடுகிறது. ஏன்?

இந்தத் துறையின் மிகப் பிடிவாதமான சிக்கல் இது. கால்சியம் நைட்ரேட்டிலிருந்து கால்சியம் சிலிக்கா வலைக்குள் புக ஏறக்குறைய 400 டிகிரி வேண்டும். வழக்கமான சோல்-ஜெல் கண்ணாடிக்கு அதற்கும் மேல் சூடு காட்டுவதால் பிரச்சினை தெரிவதில்லை. கலப்பினத்தை அவ்வளவு சூடாக்க முடியாது. கால்சியம் வலைக்குள் போகாமல் துளைகளில் உப்பாகத் தங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடுகிறது, கூடவே எரியாமல் மிஞ்சிய நைட்ரேட்டும். கால்சியம் குளோரைடுக்கு மாறினாலும் கதை இதுவே.

கால்சியம் மெத்தாக்சிஎத்தாக்சைடு போன்ற ஆல்காக்சைடுகள் அறைவெப்பத்திலேயே வலைக்குள் சேர்கின்றன. ஆனால் அவை ஈரப்பதத்தைத் தாங்காதவை. உலர்ந்த நைட்ரஜன் சூழலில் கையாள வேண்டும், சேர்த்ததும் ஜெல் மிக வேகமாக இறுகிவிடும். அச்சில் ஊற்றவோ முப்பரிமாண அச்சுக்கு அனுப்பவோ சில நிமிடங்களே கிடைக்கலாம். வேறொரு வழி, கால்சியத்தை வலைக்குள் கொண்டுவரும் முயற்சியையே விட்டுவிட்டு, சிலிக்கா கலப்பினத்தில் கால்சியம் பாஸ்பேட் நானோ துகள்களைச் சேர்ப்பது. அதில் 5-ஆம் பதிலில் சொன்ன எல்லைத் தொல்லை கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் பலருக்கு அது ஏற்கத்தக்க விலை.

10. இயற்கைப் பாலிமரா, செயற்கைப் பாலிமரா?

ஜெலட்டின், கொலாஜன், கைட்டோசான் போன்றவற்றைச் செல்கள் நன்றாக அடையாளம் காண்கின்றன, பிணைப்புக்கு வேண்டிய தொகுதிகளும் ஏராளம். ஆனால் ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு மாதிரி. கைட்டோசானின் அசிட்டைல் நீக்க அளவு சற்று மாறினாலும் கரைதல், பிணைதல் எல்லாம் மாறும். பாலிகாப்ரோலாக்டோன் போன்ற செயற்கைப் பாலிமர்கள் ஒரே தரத்தில் கிடைக்கும், ஆனால் சங்கிலியின் நடுவில் பிணையும் தொகுதி இல்லை, முனைகளில்தான் வேலை செய்ய வேண்டும். ஆய்வகத்தில் நிரூபிக்க மட்டும் என்றால் ஜெலட்டின் எளிது. நோயாளி வரை கொண்டுபோக எண்ணம் இருந்தால் முதல் நாளிலேயே மருத்துவத் தரச் சரக்கும் அதன் ஆவணங்களும் கிடைக்கும் பாலிமரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் ஆலோசனை.

11. துளைகள் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

இரத்தக் குழாயும் எலும்பும் உள்ளே வளர, துளைகளை இணைக்கும் வாயில்கள் குறைந்தது 100 மைக்ரானாவது இருக்க வேண்டும். 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் இரத்தக் குழாய் வளர்ச்சி சிறக்கிறது. துளையின் அளவைவிட வாயிலின் அளவே முக்கியம். பெரிய அறைகள் இருந்து கதவு சிறியதாக இருந்தால் நடுப்பகுதியிலுள்ள செல்கள் ஆக்சிஜன் இன்றி இறக்கும். துளை கூடினால் வலிமை குறையும் என்பதால், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லாத எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

12. எவ்வளவு காலத்தில் கரைய வேண்டும்? மெதுவாகக் கரைந்தால் பாதுகாப்புதானே?

கட்டடம் எழும்பும் வேகத்தில் சாரத்தைப் பிரிக்க வேண்டும். சீக்கிரம் பிரித்தால் சுவர் விழும், பிரிக்காமலே விட்டால் வீட்டுக்குள் குடியேற முடியாது. எலும்பு முறிவு கூடுவதற்கு மாதங்கள் ஆகும், எலும்பு தன்னை முழுதாகச் சீரமைத்துக்கொள்ள ஆண்டுகள் ஆகும். பாலிலாக்டிக்-கிளைக்காலிக் கூட்டுப்பாலிமரில் சில வகைகள் ஓரிரு மாதங்களிலேயே சிதைந்துவிடும். பாலிகாப்ரோலாக்டோன் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும்.

மெதுவாகக் கரைவதிலும் ஆபத்து உண்டு. பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமரால் ஆன தடித்த துண்டுகள் உள்ளிருந்தே சிதைகின்றன. உள்ளே உருவாகும் அமிலம் வெளியேற வழியின்றித் தேங்கி, அதுவே சிதைவை விரைவுபடுத்துகிறது. வெளியே நன்றாகத் தெரிந்த துண்டு பல மாதங்கள் கழித்துத் திடீரென உடைந்து, தேங்கிய அமிலம் ஒரே நேரத்தில் வெளிப்பட்டு வீக்கம் உண்டாக்கும். கலப்பினத்தில் கண்ணாடிப் பகுதி கரையும்போது வெளிவரும் கார அயனிகள் இந்த அமிலத்தைத் தணிக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் கரைந்தால்தான் இந்தத் தணிப்பு கடைசி வரை நீடிக்கும். மூலக்கூறு அளவில் பின்ன வேண்டும் என்று 5-ஆம் பதிலில் வற்புறுத்தியதன் முக்கியக் காரணம் இதுவே.

13. கரைந்த சிலிக்கா எங்கே போகும்? சிலிக்கோசிஸ் வராதா?

நியாயமான பயம், ஆனால் வேறு பொருளைப் பற்றியது. சிலிக்கோசிஸ், கரையாத படிகச் சிலிக்காத் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுப்பதால் நுரையீரலில் வருவது. உயிர்ச்செயல் கண்ணாடியிலிருந்து வெளிவருவது கரைந்த சிலிசிக் அமிலம். முயல்களில் செய்த ஆய்வுகளில் அது சிறுநீர் வழியே வெளியேறியது பதிவாகியிருக்கிறது. நுண்பொடியை ஆய்வகத்தில் கையாள்பவர்கள் முகக்கவசம் அணிய வேண்டும் என்பது தனி விஷயம், அதில் தளர்வு கூடாது.

பாலிமர் எங்கே போகிறது என்பதையும் இதே அக்கறையோடு கேளுங்கள். லாக்டிக் அமிலம் உடம்பின் வளர்சிதை மாற்றத்தில் கலந்துவிடும். ஆனால் நெகிழ்ச்சிக்காகச் சேர்க்கும் சில பாலிமர்களின் முதன்மைச் சங்கிலி உடைவதே இல்லை. அவை சிறுநீரக வடிகட்டியைத் தாண்டும் அளவுக்குச் சிறியவையா என்பது முதல் நாளிலேயே தீர்க்க வேண்டிய கேள்வி.

14. செயற்கை உடல்திரவத்தில் ஊறவைத்தேன், அபடைட் படிந்துவிட்டது. உயிர்ச்செயல் நிரூபணமாகிவிட்டதா?

நிரூபணம் ஆகவில்லை, நம்பிக்கை தரும் அறிகுறி கிடைத்திருக்கிறது. ஜப்பானின் கொகுபோ பரப்பிய இந்தச் சோதனைத் திரவம், இரத்த நீரின் அயனி அளவுகளை ஒத்தது. பி.எச். 7.4, வெப்பம் 36.5 டிகிரி. அதில் புரதமும் செல்லும் இல்லை. திரவம் ஏற்கெனவே மிகைநிறைவு நிலையில் இருப்பதால், பாத்திரச் சுவரிலும் படியக்கூடும். மாதிரி இல்லாத வெறும் பாத்திரம் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தீர்களா?

எதிர் உதாரணமும் இருக்கிறது. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் இந்தத் திரவத்தில் பெரும்பாலும் அபடைட்டை உருவாக்குவதில்லை, ஆனால் எலும்போடு நன்றாகச் சேர்கிறது. படிந்தது எது என்பதையும் உறுதிசெய்யுங்கள். எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படத்தில் செம்பு மூலத்துக்கு 26, 32 டிகிரி அருகே அபடைட்டின் முகடுகள் வரும். 29.4 டிகிரியில் கூர்மையான முகடு நின்றால் அது கால்சைட், சுண்ணாம்புக் கனிமம். திரவத்துக்கு மாதிரி அதிகமாகிவிட்டால் கால்சைட் எளிதில் படியும். மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் அழகான உருண்டைகளைப் பார்த்து மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது.

15. செல் சோதனையில் செல்கள் இறந்துவிட்டன. பொருளைக் கைவிட வேண்டுமா?

உடனே கைவிடாதீர்கள். முதலில் வளர்ப்பு ஊடகத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு, ஊதாச் சாயலுக்குப் போயிருந்தால் காரம் ஏறிவிட்டது. 2-ஆம் பதிலில் சொன்ன சோடியம் பரிமாற்றத்தின் விளைவு அது. உடம்பில் திரவம் ஓடிக்கொண்டே இருப்பதால் காரம் தேங்காது, சின்னக் கிணறு போன்ற வளர்ப்புத் தட்டில் தேங்கும். மாதிரியை ஊடகத்தில் முன்னரே ஊறவைத்து, ஊடகத்தை மாற்றி, மீண்டும் சோதியுங்கள். ஊடகம் மஞ்சளாக இருந்தால் எதிர்ப்பக்கம், அமிலம். காரமும் இல்லை, அமிலமும் இல்லை, ஆனாலும் செல்கள் இறக்கின்றன என்றால் 8-ஆம் பதிலுக்குப் போய் மிஞ்சிய எப்பாக்சியையும் வெளியேறாத கரைப்பானையும் சந்தேகியுங்கள்.

செல்கள் செழித்தன என்ற முடிவும் ஏமாற்றலாம். நிறமாற்றச் சோதனைகளில் சில பொருட்கள், குறிப்பாக மெக்னீசியம் போன்ற அரிக்கும் உலோகங்கள், செல் இல்லாமலே நிறத்தை மாற்றிவிடும். செல் போடாத மாதிரியையும் கட்டாயம் உடன் ஓட்டுங்கள்.

16. ஸ்ட்ரான்சியம், செம்பு, வெள்ளி, துத்தநாகம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் எல்லாப் பலனும் கிடைக்குமே?

கரைந்து வரும் அயனிகளே மருந்தாக வேலை செய்கின்றன என்பது இந்தத் துறையின் மிக அழகிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. 45எஸ்5 கரைந்த திரவம் எலும்பு செல்களில் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி உள்ளிட்டவற்றின் மரபணுக்களைத் தூண்டுவதை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார்கள். ஸ்ட்ரான்சியம் எலும்பு கட்டும் செல்களை ஊக்கி, அரிக்கும் செல்களை அடக்குகிறது. செம்பு இரத்தக் குழாய் வளர்ச்சிக்கு உதவுகிறது. வெள்ளி கிருமியைக் கொல்கிறது.

ஆனால் கிருமியைக் கொல்லும் வெள்ளியின் அளவுக்கும் நம் செல்லைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி சிறியது. ஒவ்வோர் அயனியும் கண்ணாடியின் கரையும் வேகத்தையே மாற்றிவிடுவதால், நான்கைச் சேர்த்தால் எது எதைச் செய்தது என்று பிரித்தறிய முடியாது. ஒரு நோய்நிலை, அதற்கு ஒரு அயனி, அது வெளிவரும் அளவின் வரைபடம் என்ற ஒழுங்கில் போவதே நோயாளிக்கு மரியாதை.

எலும்பு வளர்ச்சிப் புரதம் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். பிஎம்பி-2 என்ற புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்துத் முதுகெலும்பு அறுவைசிகிச்சையில் பயன்படுத்த அமெரிக்கா 2002-இல் அனுமதித்தது. அனுமதிக்கப்படாத கழுத்துப் பகுதியில் பயன்படுத்தப்பட்டபோது உயிருக்கு ஆபத்தான வீக்கங்கள் ஏற்பட, 2008-இல் எச்சரிக்கை வெளியானது. பஞ்சு புரதத்தை இறுகப் பிடித்துவைப்பதில்லை, பெரும்பங்கு தொடக்கத்திலேயே வெளியேறுகிறது. குறைந்த அளவைப் பிடித்துவைத்து மெல்ல விடும் கலப்பினம் உண்மையான தேவை. அதோடு அனுமதி நடைமுறையும் பல மடங்கு கடினமாகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

17. கிருமிநீக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. 121 டிகிரி நீராவி ஜெலட்டினைக் குலைக்கும், பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலியெஸ்டரை நீராற்பகுக்கும். வழக்கமான 25 கிலோகிரே காமாக் கதிர் பாலிலாக்டிக் அமிலச் சங்கிலிகளை வெட்டும். எத்திலீன் ஆக்சைடு வாயு மென்மையானது, ஆனால் நுண்துளைகளில் தங்கிவிடும் எச்சம் நஞ்சு. அதை வெளியேற்ற நாட்கள் வேண்டும். கிருமிநீக்கம் செய்யாத மாதிரியில் எடுத்த வலிமை, கரைதல், செல் முடிவுகள் எல்லாவற்றையும் பிறகு மறுபடி எடுக்க வேண்டிவரும். முதல் ஆண்டிலேயே ஒரு முறையைத் தீர்மானித்து, எல்லாச் சோதனையையும் அதன் பிறகே செய்யுங்கள்.

18. எலும்புக்கு மட்டும்தான் இதெல்லாமா?

பலரும் வாயில் வைத்துக்கொண்டே அறியாத உதாரணம் பற்பசை. பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளில் 45எஸ்5 நுண்துகள் இருக்கிறது, பல்லின் உட்பகுதியான டென்டினின் நுண்குழாய்களை அபடைட்டால் அடைக்கிறது. ஆறாத புண்களுக்குப் பஞ்சு போன்ற போரேட் கண்ணாடி இழைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயனில் உள்ளன.

குருத்தெலும்புக்குத்தான் கலப்பினம் அதிகம் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம். தேய்ந்த குருத்தெலும்பு தானாக வளர்வதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜூலியன் ஜோன்ஸ் குழு, சிலிக்காவோடு இரண்டு பாலிமர்களைப் பிணைத்து முப்பரிமாண அச்சில் வார்த்த கலப்பினம் தரையில் போட்டால் துள்ளி எழும். கண்ணாடியின் வலையைக் கொண்ட ஒரு பொருள் துள்ளுவதைப் பார்த்தால், பாலிமர் வெறும் நிரப்பியாக இல்லாமல் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது என்பது புரிந்துவிடும்.

19. எலியில் வெற்றி என்று படித்தேன். மனிதருக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

எலியின் மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு நிரப்புவது வழக்கமான முதல் சோதனை. மண்டையோடு பாரம் சுமப்பதில்லை, எலியின் எலும்பு மனித எலும்பைவிட வேகமாகக் கூடுகிறது. சிறு துளையின் நடுவுக்கு இரத்தக் குழாய் எளிதில் எட்டிவிடும், மனிதத் தாடை எலும்பில் சில சென்டிமீட்டர் இடைவெளிக்கு எட்டாது. எனவே அடுத்து முயல், பிறகு ஆடு போன்ற பெரிய விலங்கின் பாரம் சுமக்கும் எலும்பு என்று ஏற வேண்டும். பொருள் முழுதாகக் கரையும் வரை பார்க்க வேண்டும் என்பதால், இரண்டு ஆண்டு நிற்கும் பொருளுக்கு இரண்டு ஆண்டுக்கு மேலான ஆய்வு தேவை. இதை அவசரப்படுத்தச் சொல்பவர்களுக்கு 12-ஆம் பதிலில் உள்ள திடீர் வீக்கத்தை நினைவூட்டுகிறேன்.

ஐஎஸ்ஓ 10993 வரிசையிலுள்ள உயிர்ப்பாதுகாப்புச் சோதனைகள், ஐஎஸ்ஓ 13485 தர மேலாண்மை, ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி வருகிறது என்ற சான்று ஆகியவையும் வேண்டும். சோல்-ஜெல் முறை ஈரப்பதத்துக்கும் கலக்கும் வேகத்துக்கும் முகம் கோணும். நூறாவது தொகுதியும் முதல் தொகுதியைப் போலவே இருப்பதைக் காட்டுவது, முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதுவதைவிடப் பெரிய வேலை.

20. என் அப்பாவுக்கு எலும்பு முறிவு கூடவில்லை. இந்தப் பொருள் இப்போது கிடைக்குமா?

6-ஆம் பதிலில் சொன்ன, வேதிப்பிணைப்பு உள்ள இரண்டாம் வகைச் சிலிக்கா கலப்பினங்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலுமே இருக்கின்றன. ஆனால் அவற்றின் உறவுப் பொருட்கள் பல மருத்துவமனைகளில் உள்ளன: உயிர்ச்செயல் கண்ணாடித் துகளும் குழம்பும், கொலாஜனோடு கால்சியம் பாஸ்பேட் சேர்ந்த பஞ்சுகள், 5-ஆம் பதிலில் சொன்ன திருகுகள். எலும்பில் நாட்பட்ட சீழ் இருந்தால் எஸ்53பி4 என்ற கண்ணாடித் துகள்களைக் குழியில் நிரப்பும் சிகிச்சையும் உண்டு.

முறிவு கூடாமைக்குக் காரணம் அசைவா, தொற்றா, இரத்த ஓட்டக் குறைவா, புகைபிடித்தலா, சர்க்கரை நோயா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அசையும் முறிவில் எந்த நிரப்பியை வைத்தாலும் எலும்பு ஒட்டாது. நோயாளியின் சொந்த இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் ஒட்டு இன்றும் முதல் தெரிவாக இருப்பதற்குக் காரணம், அதில் உயிருள்ள செல்லும் இருக்கிறது என்பதே. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை: இங்கே கூடாததற்குக் காரணம் என்ன, சொந்த எலும்பை எடுக்க முடியாதா, நிரப்பி வைப்பதானால் அது எவ்வளவு காலத்தில் கரையும், அதுவரை பாரத்தை எது தாங்கும்.